பழைய ஹெவி டியூட்டி பிக்கப்: எஞ்சினைப் பார்க்கும் முன் அடியில் குனிந்து பாருங்கள்

கேள்வி: அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலம் கொலம்பஸில் இருக்கிறோம். நாங்கள் இருவர், பிள்ளைகள் இரண்டு பேர். போன வருடம் ஒரு டிராவல் ட்ரெய்லர் வாங்கினோம். தண்ணீர், சாமான் எல்லாம் ஏற்றினால் 6,500 பவுண்டு வருகிறது. எங்கள் அரை டன் பிக்கப் அதை இழுக்கிறது. ஆனால் பின்பக்கம் அமுங்கிவிடுகிறது, நெடுஞ்சாலையில் காற்றடித்தால் ஆட்டம் காண்கிறது. அதனால் முக்கால் டன் ட்ரக் ஒன்றை இரண்டாம் கையாக வாங்க நினைக்கிறோம். தினமும் வேலைக்கும் அதிலேயே போக வேண்டும், ஒரு வழி 18 மைல். நாலு பேர் வசதியாக உட்கார க்ரூ கேப், ஃபோர் வீல் டிரைவ் வேண்டும். மூன்று பெட்ரோல் வண்டிகளைக் குறித்து வைத்திருக்கிறேன்: 2013 செவ்ரோலே சில்வராடோ 2500எச்டி 6.0 லிட்டர், 1,42,000 மைல். 2016 ஃபோர்டு எஃப்-250 6.2 லிட்டர், 1,18,000 மைல். 2017 ராம் 2500 6.4 ஹெமி, 96,000 மைல். நண்பர்கள் டீசல்தான் வாங்க வேண்டும் என்கிறார்கள். எதை வாங்கலாம்?

பதில்: வணக்கம். உங்கள் கடிதத்தில் எஞ்சின் இருக்கிறது, மைல் கணக்கு இருக்கிறது, மூன்று வண்டிகளின் அடிப்பக்கம் எப்படி இருக்கிறது என்பது மட்டும் இல்லை. குளிர்காலம் முழுக்கச் சாலையில் உப்பு கொட்டும் ஊரில் அதைத்தான் முதலில் கேட்க வேண்டும். கெட்டுப்போன எஞ்சினை மாற்றலாம், கியர்பாக்ஸையும் மாற்றலாம். ஃபிரேம் அரித்துப்போன ட்ரக்குக்கு நியாயமான செலவில் வைத்தியமே கிடையாது. எனவே எது நல்ல பிராண்ட் என்பதில் தொடங்காமல், மூன்றில் எவை கழிபடும் என்று பார்ப்போம். மிஞ்சுவதில் எதை எடுக்கலாம் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில், அரை டன்னுக்கு அடுத்த கனரக வகுப்பான முக்கால் டன் உங்களுக்குத் தேவையா? தேவை. 6,500 பவுண்டு ட்ரெய்லரின் எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கியில் இறங்கும். 13 சதவீதம் என்று வைத்தால் ஏறக்குறைய 845 பவுண்டு. நாலு பேர் எடை, ஹிட்ச் எடை, பின்னால் போடும் சைக்கிள், ஐஸ் பெட்டி எல்லாம் சேர்த்தால் 1,600-ஐத் தாண்டும். பல அரை டன் க்ரூ கேப்களின் பேலோட், அதாவது வண்டி சுமக்க அனுமதித்த எடை, அதைச் சுற்றித்தான் இருக்கிறது. பின்பக்கம் அமுங்குவதற்குக் காரணம் இழுவைத் திறன் போதாமல் இல்லை, சுமக்கும் திறன் போதாததுதான். முக்கால் டன் பெட்ரோல் வண்டிகளில் 2,500 பவுண்டுக்கு மேல் கிடைப்பது சாதாரணம். விளம்பரத்தில் போட்டிருக்கும் எண்ணை நம்ப வேண்டாம். ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் மஞ்சளும் வெள்ளையுமான ஸ்டிக்கர் இருக்கும். ஆட்களும் சரக்கும் சேர்ந்து எத்தனை பவுண்டைத் தாண்டக் கூடாது என்று அந்த ஒரு வண்டிக்கென்றே அதில் அச்சிட்டிருப்பார்கள். மூன்று வண்டியிலும் அதைப் படம் எடுத்து வையுங்கள்.

டீசல் பற்றி நீளமாகப் பேச வேண்டியதில்லை. 10,000 பவுண்டுக்கு மேல் இழுப்பவர்களுக்கும், நாளெல்லாம் நெடுஞ்சாலையில் ஓடுபவர்களுக்கும் அது சரி. உங்களுக்கு 18 மைல் ஊருக்குள் ஓட்டம், 6,500 பவுண்டு ட்ரெய்லர். டீசல் எஞ்சின் கனமானது, அந்தக் கனம் பேலோடில்தான் கழியும். குறைந்த தூர ஓட்டத்தில் புகைக்குழாய் ஃபில்டர் தன்னைச் சுத்தம் செய்துகொள்ள நேரம் கிடைக்காமல் அடைக்கும். செவ்ரோலேயின் தாய் நிறுவனமான ஜிஎம்மின் 2011 முதல் 2016 வரையிலான ட்யூராமேக்ஸ் டீசலிலும் ஃபோர்டின் 6.7 லிட்டர் டீசலிலும் இருக்கும் சிபி4 என்ற உயர் அழுத்த பம்ப் உடைந்தால் உலோகத் துகள் எரிபொருள் வழி முழுக்கப் பரவி இன்ஜெக்டர் வரை எல்லாவற்றையும் மாற்ற வைக்கும். நண்பர்கள் சொல்வதை இந்த ஒரு விஷயத்தில் விட்டுவிடலாம்.

பெட்ரோலுக்கும் ஒரு விலை உண்டு. 8,500 பவுண்டுக்கு மேல் மொத்த எடை அனுமதி உள்ள ட்ரக்குகளுக்கு அரசு மைலேஜ் ஸ்டிக்கர் கட்டாயமில்லை. அதனால் விற்பவர் சொல்லும் மைலேஜை எதோடும் ஒப்பிட முடியாது. நடைமுறையில் ஊருக்குள் கேலனுக்கு 11, 12 மைல் என்று வைத்துக்கொள்ளுங்கள். வேலைக்குப் போய்வர வருடம் 9,000 மைல் என்றால் 12 மைல் கணக்கில் 750 கேலன். 18 மைல் கொடுக்கும் அரை டன்னுக்கு 500 கேலன். கேலன் 3 டாலர் என்றால் வருடத்துக்கு 750 டாலர் கூடுதல். ட்ரெய்லரைப் பத்திரமாக இழுக்க இந்தப் பணத்தைக் கொடுக்க உங்களுக்குச் சம்மதமா என்று வீட்டில் முதலிலேயே பேசிவிடுங்கள். கராஜையும் டேப் வைத்து அளந்துவிடுங்கள். நீங்கள் சொன்ன எஃப்-250 க்ரூ கேப், குட்டைப் படுக்கையாக (பின்பக்கச் சரக்குத் தொட்டி) இருந்தாலே 20½ அடி நீளம். மற்ற இரண்டும் ஏறக்குறைய 20 அடி. 20 அடி ஆழ கராஜில் ஃபோர்டு நுழையாது. அலுவலக அடுக்கு பார்க்கிங்கில் உயர வரம்பு 6 அடி 8 அங்குலம் என்றால் ஃபோர் வீல் டிரைவ் ட்ரக்கோடு அங்கே வம்பு வளர்க்க வேண்டாம்.

இனி அடிப்பக்கம். பழைய துணி ஒன்று, டார்ச், ஒரு சின்னச் சுத்தியல் எடுத்துக்கொண்டு போங்கள். பின்சக்கரத்துக்கு முன்னால் படுத்து, ஃபிரேம் மேலே எரிபொருள் டாங்க் தொங்கும் இடத்தையும், ஸ்டெப்னி மறைத்திருக்கும் இடத்தையும், லீஃப் ஸ்பிரிங் பட்டைகள் ஃபிரேமில் மாட்டியிருக்கும் கொக்கிகளையும் பாருங்கள். உப்புச் சேறு தங்குவது இங்கேதான். மேலே செம்மண் பூசியதுபோல் மெல்லிய துரு இருந்தால் பயமில்லை. தகடு தகடாக உரிந்தால் சுத்தியலால் லேசாகத் தட்டுங்கள். ‘டிங்’ என்று கணீர் ஒலி வந்தால் இரும்பு உயிரோடு இருக்கிறது. ‘தொப்’ என்று மந்தமாகக் கேட்டாலோ, துண்டு உதிர்ந்தாலோ அந்த வண்டியை அங்கேயே விட்டுவிட்டு எழுந்து வாருங்கள். விலை குறைத்துத் தருகிறேன் என்றாலும் வேண்டாம். இன்னொன்று: நேற்றுதான் அடித்ததுபோல் பளபளக்கும் கறுப்புப் பூச்சு அடியில் முழுக்க இருந்தால் சந்தேகப்படுங்கள். ஒழுங்காகப் பராமரிப்பவர் பூசிய பூச்சு ஆண்டுதோறும் அடுக்கடுக்காக, தூசி ஒட்டி இருக்கும். விற்பனைக்காகப் பூசியது உரிந்த துருவின் மேலேயே படிந்து மேடும் பள்ளமுமாகத் தெரியும்.

பிரேக் குழாய்களை இடது பக்க ஃபிரேமின் உள்ளே முன்னிருந்து பின்வரை விரலால் தடவிப் பாருங்கள். ஜிஎம் ட்ரக்குகளில் இது பழைய நோவு. 2013 சில்வராடோவில் இரும்புக் குழாய் கொப்பளித்திருந்தால், முழு செட்டையும் நிக்கல்-காப்பர் குழாயில் போடும் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள். 2016 எஃப்-250-ல் ரேடியேட்டரைத் தாங்கும் முன் சட்டம், கேபின் மூலைகள், படுக்கையின் சக்கர வளைவு ஆகியவற்றைப் பாருங்கள். ராமில் பின் சக்கர வளைவுகள். ஸ்டெப்னியை இறக்கச் சொல்லுங்கள். வின்ச் துருப்பிடித்து இறங்க மறுக்கும் வண்டிகள் ஏராளம். நடுச்சாலையில் டயர் வெடிக்கும்போதுதான் அது தெரியவரும்.

உங்கள் பட்டியலுக்கு வெளியே ஒரு யோசனை. 2017 முதல் எஃப்-250-ன் கேபினும் படுக்கையும் அலுமினியம். ஃபிரேம் மட்டும் இரும்பு. ஒஹாயோவில் பத்து வருடம் வைத்திருக்கப் போகிறவருக்கு அந்த ஒரு வருட வித்தியாசம் பெரிது. அல்லது டென்னசி, கரோலினா பக்கம் ஓடிய வண்டியைத் தேடுங்கள். ஒரு நாள் பயணம்தான். வெளிமாநில வண்டியை ஒஹாயோவில் பதிவு செய்யும்போது வின் எண் (வண்டியின் அடையாள எண்) சரிபார்க்கும் ஒரு சிறு ஆய்வு உண்டு, அதற்கு மேல் சிக்கல் இல்லை.

அடுத்தது முன் அச்சு. ஃபோர்டு, ராம் இரண்டின் ஃபோர் வீல் டிரைவ் முக்கால் டன்களிலும் முன்னால் ஒரே துண்டான திட அச்சு. அது பலம்தான், ஆனால் இணைப்புகள் தேய்ந்தால் 50, 60 மைல் வேகத்தில் பாலத்தின் இணைப்பில் ஏறியதும் முன்பக்கம் முழுக்கப் படபடவென்று உதறும். வேகத்தைக் குறைத்து வண்டியை நிறுத்தினால்தான் அடங்கும். அங்கே இதை டெத் வாபிள் என்கிறார்கள். பலர் ஸ்டியரிங் டேம்பரை மாற்றிவிட்டுச் சரியாயிற்று என்று விற்றுவிடுவார்கள். டேம்பர் உதறலை மறைக்கும், நிறுத்தாது. மூலக் காரணம் பெரும்பாலும், அச்சைப் பக்கவாட்டில் ஃபிரேமோடு பிணைக்கும் ட்ராக் பார் என்ற கம்பியின் முனைகளில் இருக்கும் புஷ்ஷோ பந்து மூட்டோ, அல்லது பால் ஜாயிண்டோ, டை ராட் முனையோதான்.

இதைக் கண்டுபிடிக்க ஜாக்கி வேண்டாம். சக்கரங்கள் தரையிலேயே இருக்க, எஞ்சின் ஓட, கியர் பார்க்கில், ஹேண்ட் பிரேக் போட்டு, ஒருவர் ஸ்டியரிங்கைக் கால் சுற்று இடமும் வலமுமாகத் திரும்பத் திரும்ப ஆட்ட வேண்டும். இன்னொருவர் முன்பக்கம் குனிந்து ட்ராக் பாரின் இரண்டு முனைகளையும் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். போல்ட் அசையாமல் பார் மட்டும் பக்கவாட்டில் நகர்ந்தால் புஷ் போய்விட்டது. டை ராட் முனைகளிலும் அதே சோதனை. பால் ஜாயிண்டுக்கு மட்டும் சக்கரத்தைத் தூக்கி, அடியில் கடப்பாரை வைத்து நெம்ப வேண்டும், அதை மெக்கானிக்கிடம் விடுங்கள். முன் டயரின் ஓரம் திட்டுத்திட்டாகத் தேய்ந்திருந்தாலும் சந்தேகம்தான். சில்வராடோவில் இரண்டு பக்கமும் தனித்தனி சஸ்பென்ஷன், டார்ஷன் பார் வகை. அதில் இந்த உதறல் வராது. பதிலுக்கு ஐட்லர் ஆர்மும் பிட்மேன் ஆர்மும் தேய்ந்து ஸ்டியரிங்கில் தளர்வு வரும். உயரம் ஏற்றி, 35 அங்குல டயர் மாட்டிய வண்டி எதுவாக இருந்தாலும் தினசரி ஓட்டத்துக்கு வேண்டாம். மேலே சொன்ன மூட்டுகள் அத்தனையும் அதில் சீக்கிரம் தேயும்.

எஞ்சினை முழுக்க ஆறிய நிலையில்தான் கேட்க வேண்டும். நாங்கள் வருவதற்குள் ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். போனவுடன் பானட்டைத் திறந்து எஞ்சின் மேல் கை வையுங்கள். சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருகிறோம் என்று திரும்பிவிடுங்கள், அது மரியாதைக் குறைவில்லை. ஸ்டார்ட் செய்ததும் முதல் மூன்று நான்கு நிமிடம் ரேடியோ, ஏசி இல்லாமல் இரண்டு முன் சக்கர வளைவுகள் அருகிலும் காது கொடுங்கள். ‘டிக் டிக்’ என்று கேட்டு, சூடேறச் சூடேற அடங்கினால் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் போல்ட் உடைந்து புகை கசிகிறது. இரும்பு விரிந்ததும் இடைவெளி மூடிக்கொள்வதால் சத்தம் போய்விடும். ஜிஎம் 6.0-க்கும் ஹெமிக்கும் இது பொதுவான வியாதி, அதிகம் உடைவது கேபின் பக்கம் கடைசியில் இருக்கும் போல்ட்கள். சக்கர வளைவு வழியாக டார்ச் அடித்தால் போல்ட் தலை இருக்க வேண்டிய இடத்தில் வெறும் ஓட்டை தெரியும், பக்கத்தில் கறுப்புக் கரிக் கோடு இருக்கும். பெரிய ஆபத்தில்லை. ஆனால் முறிந்த துண்டைத் துளைத்து எடுக்கும் வேலை மணிக்கணக்கில் இழுக்கும், பேரத்தில் கேட்டு வாங்க வேண்டிய தொகை அது.

சூடேறிய பிறகும் அதே சத்தம் தொடர்ந்தால் கதை வேறு. ராம் 6.4 ஹெமியில் அது வால்வைத் தூக்கும் லிஃப்டராக இருக்கலாம். லிஃப்டரின் உருளை சுழலாமல் நின்றுவிட்டால் கேம் ஷாஃப்டின் முகட்டை அரைத்துத் தின்னும். அதைச் சரிசெய்ய இரண்டு ஹெட்களையும் கழற்றி, கேமை மாற்றி, 16 லிஃப்டர்களும் போட வேண்டும். பல ஆயிரம் டாலர் வேலை. தாமதமான ஆயில் மாற்றமும் நீண்ட நேர ஐட்லிங்கும் இதற்கு வழிவிடுகின்றன என்பது பட்டறைகளின் பொது அனுபவம். இந்த எஞ்சினுக்கு 0டபிள்யூ-40 ஆயில், 7 குவார்ட். பில்லில் வேறு ஆயில் எண் இருந்தால் கேளுங்கள், பில்லே இல்லையென்றால் அந்த ராமை விட்டுவிடுங்கள். மூன்றிலும் பில் இல்லாமல் வாங்கவே கூடாத எஞ்சின் இதுதான்.

ஃபோர்டு 6.2 அமைப்பில் எளிது. ஒரு சிலிண்டருக்கு இரண்டு ஸ்பார்க் பிளக், மொத்தம் 16. 1,00,000 மைலில் எல்லாம் மாற்றியிருக்க வேண்டும். உங்கள் வண்டி அதைத் தாண்டிவிட்டதால் பில் கேளுங்கள், இல்லையென்றால் வேலைக்கும் பிளக்குக்கும் சேர்த்து விலையில் கழியுங்கள். இந்த எஞ்சினில் சில வண்டிகளுக்கு வால்வு ஸ்பிரிங் உடைந்திருக்கிறது. ஐட்லிங்கில் ஒரு சிலிண்டர் தப்புவதுபோல் நடுக்கமும், பி0301 முதல் பி0308 வரை ஏதாவதொரு பிழைக் குறியீடும் வந்தால் அதை யோசியுங்கள். ஹெட்டைக் கழற்றாமலே மாற்றலாம், உடனே செய்தால் பயமில்லை. ஜிஎம் 6.0 மூன்றிலும் பழமையானது, மெதுவானது, 360 குதிரைத் திறன். ஆனால் சிலிண்டரை நிறுத்தி ஓட்டும் கருவி இந்த எச்டி எஞ்சினில் இல்லை. அதே காலத்து அரை டன் 5.3 லிட்டர் எஞ்சினைக் கெடுத்த லிஃப்டர் தொல்லை அதனால் இங்கே பெரிதாக வருவதில்லை. வாட்டர் பம்ப்பில் வெள்ளைக் கறை, ஆயில் குறைதல் இரண்டையும் பாருங்கள்.

மைலைவிட மணிக்கணக்கு அதிகம் பேசும். மூன்று வண்டியிலும் டாஷ்போர்டில் எஞ்சின் ஓடிய மொத்த மணிநேரம் பார்க்கலாம், ஃபோர்டில் ஐட்லிங் மணி தனியாகவும் வரும். மைலை மணியால் வகுங்கள். 1,18,000 மைலுக்கு 3,600 மணி என்றால் சராசரி 33 மைல், நெடுஞ்சாலையில் ஓடிய வண்டி. அதே மைலுக்கு 6,500 மணி என்றால் 18. கட்டட வேலை இடத்தில் ஹீட்டருக்காக நாள் முழுக்க நின்றபடி ஓடியது. மீட்டர் காட்டுவதைவிட அந்த எஞ்சின் வயதானது. கூடவே முன் பம்பருக்குப் பின்னால் பாருங்கள்: ஃபிரேமில் புதிய ஓட்டைகள், வெட்டிவிட்ட தடித்த வயர்கள் இருந்தால் பனி தள்ளும் கத்தி மாட்டியிருந்த வண்டி. முன் அச்சும் கியர்பாக்ஸும் அடி வாங்கியிருக்கும். உங்களுக்கு அது வேண்டாம்.

ஓட்டிப் பார்ப்பது அரை மணியாவது இருக்க வேண்டும், அதில் நெடுஞ்சாலை கட்டாயம். பார்க்கிலிருந்து ரிவர்ஸ் போட்டதும் ஒரு நொடிக்கு மேல் தாமதமானாலோ, ‘டங்’ என்று இடித்தாலோ குறித்துக்கொள்ளுங்கள். 40 முதல் 50 மைல் வேகத்தில் ஆக்சிலேட்டரை லேசாக அழுத்திப் பிடித்திருங்கள். சாலையோர மேடு வரிசையில் ஏறியதுபோல் அதிர்வு வந்தால், எஞ்சினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் டார்க் கன்வெர்ட்டர் நழுவுகிறது. ஃபோர் வீல் டிரைவை ஈரமான புல்லிலோ மண்ணிலோ 4எச், 4எல் இரண்டிலும் போட்டுப் பாருங்கள். காய்ந்த தார்ச் சாலையில் போட்டுத் திருப்ப வேண்டாம். ஃபோர்டில் முன் சக்கர ஹப் வெற்றிடக் காற்றில் பூட்டுகிறது, குழாய் கசிந்தால் டாஷ்போர்டில் ஃபோர் வீல் விளக்கு எரியும், ஆனால் முன் சக்கரத்துக்கு விசை போகாது. ஹப்பைக் கையால் லாக்கில் திருப்பி ஓட்டலாம் என்பது ஆறுதல். ட்ரெய்லர் பிரேக் கண்ட்ரோலர் டாஷ்போர்டிலேயே இருக்கிறதா, பின்னால் 7 பின் சாக்கெட் பச்சை பிடிக்காமல் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஸ்கேனரை, வண்டியின் கோளாறுகளைச் சொல்லும் ஓபிடி சாக்கெட்டில் மாட்டினால் பிழைக் குறியீடு இல்லை என்று வருவது மட்டும் போதாது. ரெடினெஸ் மானிட்டர்கள், அதாவது வண்டி தன்னைத்தானே செய்துகொள்ளும் சோதனைகள், முடிந்திருக்கின்றனவா பாருங்கள். பாதி ‘இன்னும் இல்லை’ என்று காட்டினால் நீங்கள் வருவதற்கு முன் யாரோ குறியீட்டை அழித்திருக்கலாம். வின் எண்ணை மத்தியச் சாலைப் பாதுகாப்பு அமைப்பின் ரீகால் பக்கத்தில் போடுங்கள். சில்வராடோவுக்கு இது கட்டாயம்: 2007 முதல் 2014 வரையிலான ஜிஎம் முழு அளவு ட்ரக்குகளின் முன் பயணி பக்க டகாட்டா நிறுவன ஏர்பேக்கைத் திரும்பப் பெற 2020-ல் உத்தரவு வந்தது. மாற்றவில்லை என்றால் டீலரிடம் இலவசமாக மாற்றிய பிறகே பிள்ளைகளை ஏற்றுங்கள்.

மூன்றும் இத்தனையையும் தாண்டி நின்றால் நான் எஃப்-250-ஐ எடுக்கச் சொல்வேன். கொக்கியில் 845 பவுண்டு இறங்கினாலும் அதன் பின் லீஃப் ஸ்பிரிங் நிதானமாக நிற்கும், எஞ்சினில் திடீரென்று பெரும் செலவு வைக்கும் அச்சம் குறைவு, 87 ஆக்டேனே போதும். குறை ஒன்றே: காலியாக ஓடும்போது பள்ளத்தில் இடுப்பைக் குலுக்கும். அதுதான் உங்களுக்குப் பெரிய விஷயம் என்றால் ராம். பின்னால் காயில் ஸ்பிரிங், தினசரி ஓட்டத்துக்கு மூன்றில் மிகச் சுகமான சவாரி. ஆயில் பில் முழுதாக இருந்து, சூடான எஞ்சின் அமைதியாக இருந்தால் மட்டும். 89 ஆக்டேன் பரிந்துரை, 87-ம் ஊற்றலாம். சில்வராடோ அதன் எஞ்சினால் தோற்கவில்லை. 1,42,000 மைலும் ஒஹாயோவின் பல குளிர்காலங்களும் அதன் அடிப்பக்கத்தில் வேலை காட்டியிருக்கும் என்பதால்தான் மூன்றாவது. தெற்கே ஓடிய, துருவில்லாத அதே வண்டி கிடைத்தால் தயங்காமல் முன்னுக்குக் கொண்டுவரலாம்.

முன்பணம் கொடுக்கும் முன், விற்பவருக்குச் சம்பந்தமில்லாத ஒரு பட்டறையில் லிஃப்டில் ஏற்றிப் பார்க்க 200 டாலர் போல ஆகும், கொடுத்துவிடுங்கள். அதற்கு ஒப்புக்கொள்ளாத விற்பனையாளரிடம் வாங்க வேண்டாம். பட்ஜெட்டில் 2,000 டாலரைத் தொடாமல் வைத்திருங்கள். வாங்கிய முதல் மாதத்தில் எஞ்சின் ஆயில், கியர்பாக்ஸ் ஆயிலும் ஃபில்டரும், முன் பின் டிஃபரென்ஷியல், டிரான்ஸ்ஃபர் கேஸ், பிரேக் ஆயில், கூலண்ட் எல்லாம் மாற்றிவிடுங்கள். டயர் பக்கவாட்டில் டிஓடி எழுத்துகளின் முடிவில் நாலு இலக்கம் இருக்கும், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. பள்ளம் ஆழமாக இருந்தாலும் ஏழெட்டு வருடம் ஆன டயரில் ட்ரெய்லரை இழுக்க வேண்டாம். புதிது வாங்கும்போது லோடு ரேஞ்ச் ஈ என்ற கனச் சுமை ரகம் கேளுங்கள். காற்று, டயரில் எழுதியிருக்கும் 80 பிஎஸ்ஐ அல்ல, கதவுத் தூண் ஸ்டிக்கரில் உள்ள அளவுக்கு வையுங்கள்.